பதில்: மெஸ் உணவுக் கழிவு – மூன்று துறை, மூன்று கணக்கு

சிவில், வணிகவியல், சமூகப்பணி மாணவர்கள் ஒரே விடுதி மெஸ்ஸில் எடுத்த உணவுக் கழிவுக் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எதை எடை போடுவது என்று முதலிலேயே பேசி வைக்காததுதான் கோளாறு.

நான்கு வாளி வையுங்கள்: காய்கறித் தோல், பரிமாறாமல் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது, பிறகு முருங்கைச் சக்கை, எலும்பு, கறிவேப்பிலை. கடைசி வாளியை வீணடித்த கணக்கில் சேர்க்காதீர்கள். வெற்று வாளியின் எடையை அதன் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். தட்டு கழுவிய தண்ணீர் உள்ளே போனால் எடை ஏறிவிடும், ரசமும் மோரும் அப்படித்தான். வாளியைக் குழாயடியிலிருந்து தள்ளி வைத்து, ஓட்டைக் கூடையில் 10 நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள்.

பதிவேட்டில் உள்ள 400 பேரால் வகுக்காதீர்கள். அந்த வேளை விழுந்த டோக்கனால் வகுங்கள். தட்டு மிச்சம் 24 கிலோ, டோக்கன் 320 என்றால் ஆளுக்கு 75 கிராம். 8 நாள் எடுத்து முதல் நாளை விட்டுவிடுங்கள். தராசைக் கண்டதும் எல்லோரும் தட்டை வழித்துவிடுவார்கள்!

வணிகவியலின் ரூபாய்க் கணக்கும் சமூகப்பணியின் 'ஏன் மிச்சம்' என்ற கேள்வியும் எடை எழுதும் அதே தாளில், வேளைவாரியாக வரட்டும். துறைக்கொரு தாள் வைத்தால் கடைசி வாரத்தில் மூன்றையும் சேர்க்கும்போது ஒட்டவே ஒட்டாது.