தரம் 6 பிள்ளைக்கு எச்.பி.வி. ஊசி: வந்த கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எச்.பி.வி. ஊசி பற்றியவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் ஊசி இது. பாடசாலைகளில் ஒப்புதல் படிவம் கொடுத்துவிட்டார்கள் போலும். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்ட இடங்களில் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

மகள் இன்னும் சாமத்தியப்படவில்லை. அதற்குப் பிறகு போடலாமா? (ஒரு தாய், மல்லாவி)

பிந்தவேண்டாம். சாமத்தியத்துக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பில்லை. 9 வயதிலிருந்தே போடலாம். சின்ன வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியைக் கூடுதலாக உண்டாக்கும்.

உண்மையில் இது புற்றுநோயைத் தடுக்கிறதா, அல்லது எங்கள் பிள்ளைகளில் பரீட்சித்துப் பார்க்கிறார்களா? (ஒரு தகப்பன், துணுக்காய்)

பரீட்சை எல்லாம் முடிந்து வருடக்கணக்காகிவிட்டது. அவுஸ்திரேலியா 2007இலேயே நாடு முழுக்கப் போடத் தொடங்கியது. சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 100க்கு கிட்டத்தட்ட 90 குறைந்திருக்கிறது. 17 வயதுக்குப் பிறகு போட்டவர்களில் பாதியளவுதான் குறைந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டவர்களிலும் சுவீடன் கணக்குத்தான். ஸ்கொட்லாந்தில் அதே வயதில் முழுதாகப் போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். வயதுதான் இங்கே பெரிய வித்தியாசம். வைரஸ் உடம்புக்குள் வரமுதல் போட்டால் தடுக்கும். வந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் விரட்ட முடியாது. மாடு வயலுக்குள் இறங்கின பிறகு வேலி அடைத்து என்ன பயன்?

இலங்கையில் 2017இல் தொடங்கினார்கள். அப்போது போட்ட பிள்ளைகளே இப்போதுதான் இருபதை எட்டுகிறார்கள். தொற்று வந்து புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும். அதனால் இங்குள்ள பலனைப் பார்க்க நாங்கள் இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கவேண்டும்.

போன வருடம் ஏழாம் வகுப்பில் மகளுக்கு எச்.பி.வி. போட்டார்கள். அதிலிருந்து சுகமில்லை. என்ன செய்ய? (விசுவமடு)

என்ன சுகமில்லை? காய்ச்சலா, தலையிடியா, வயிற்று நோவா? ஊசி போட்டு எத்தனை நாளில் தொடங்கியது? ஒன்றும் எழுதவில்லை. தரம் 7இல் வழமையாகப் போடுவது ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி. எச்.பி.வி. தரம் 6இல். எந்த ஊசி என்றே தெரியாமல் அந்த ஊசியைக் குற்றம் சொல்லாதீர்கள். பதிவு அட்டையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வருடமாகச் சுகமில்லாத பிள்ளையை இன்னும் காட்டாமல் வைத்திருப்பதுதான் என் கவலை.

முதல் ஊசி தர்மபுரத்தில் போட்டது. பிறகு வவுனியாவுக்கு இடம்மாறிவிட்டோம். இரண்டாவது தவறி ஒரு வருடமாகிறது. முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?

தேவையில்லை. விட்ட ஊசியை மட்டும் போட்டால் சரி. இரண்டு ஊசிக்கும் இடையில் ஆறு மாதம் என்பது குறைந்த இடைவெளிக்கான கணக்கு, கூடினால் பழுதில்லை. எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) அலுவலகத்துக்கு அட்டையைக் கொண்டுபோங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் எழுதாத மாதமில்லை.

இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று வைபரில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது. (ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, பூநகரி என்று ஆறு பேர்)

இந்தக் குரல் பதிவு எனக்கும் வந்தது. பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லவில்லை, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எத்தனை படிவம் வெறுமையாகத் திரும்பிப் போயிருக்கும் என்று நினைக்க வயிறு எரிகிறது.

உங்கள் பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. 2013இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியைப் பெண்களுக்குச் சரியாக விளக்காமல் வைத்தார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. அதை மறக்காத தாய்மார் கையெழுத்துப் போட முதல் கேள்வி கேட்பது அவர்களின் உரிமை. கேளுங்கள், படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் கேள்வியைக் குடும்பநல மிஸ்ஸிடம் (உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம்) கேளுங்கள், பெயரில்லாத குரலிடம் கேட்காதீர்கள்.

ஊசி மருந்துக்குள் இருப்பது வைரஸின் வெளித்தோலைப் போன்ற புரதம். உள்ளே வைரஸ் இல்லை, ஹோர்மோன் இல்லை. சூலகத்தையும் கருப்பையையும் அது தொடாது. போட்ட கோடிக்கணக்கான பெண்களில் மலட்டுத்தன்மை கூடியதற்கு ஆதாரமில்லை. பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது புற்றுநோய்தான். அது முற்றினால் கருப்பையை எடுக்கவேண்டும், அல்லது கதிர்ச் சிகிச்சை கொடுக்கவேண்டும். இரண்டுக்கும் பிறகு பிள்ளை இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போய்வந்த ஒரு தாயை நான் கிளினிக்கில் கண்டேன். விடிய நாலு மணி பஸ், மடியில் ஒரு சோற்றுப் பொதி, கையில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த கிளினிக் துண்டு. அவருக்கு வயது 38. மகள் தரம் 6. அந்தத் தாய் படிவத்துக்கு யோசிக்கவே இல்லை.

வதந்தியின் விலை என்னவென்று யப்பானைப் பாருங்கள். பக்கவிளைவு என்ற செய்திகள் பரவி, 2013இல் அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. ஊசி போடும் பிள்ளைகள் 100க்கு 70 அளவில் இருந்தது 1க்கும் கீழே விழுந்தது. 2022இல் திரும்பத் தொடங்கினார்கள். நடுவில் விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் போடவேண்டி வந்தது.

ஊசி போட்ட அன்று மகளின் வகுப்பில் நாலு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மருந்து பழுதா?

பயத்தில் வரும் மயக்கம். மண்டபத்தில் வரிசையாக நிற்கும்போது முன்னால் ஒருத்தி விழுந்தால் பின்னால் இரண்டு பேர் வெளிறிப் போவார்கள். பாதிப் பிள்ளைகள் காலமை சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்தவர்கள். அன்று சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். போட்ட பிறகு 15 நிமிடம் வாங்கில் இருத்திவைக்க வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்கு, அல்லது ஈஸ்ட்டுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலே சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

ஒரு ஊசியே போதும் என்கிறார்களே?

9 முதல் 20 வயது வரை ஒரு ஊசியும் போதுமான காப்புத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. எங்கள் நாடு தொடங்கியது இரண்டு ஊசியுடன். உங்கள் எம்.ஓ.எச். அலுவலகம் எத்தனை சொல்கிறதோ அத்தனை. நீங்களாகக் குறைக்கவேண்டாம்.

மகனுக்கும் போடலாமா? (நெடுங்கேணி)

போடலாம், ஆண்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை போன்ற இடங்களில் புற்றுநோய் வரும். ஆனால் பாடசாலைத் திட்டம் பெண் பிள்ளைகளுக்கு.

எனக்கு வயது 42, மூன்று பிள்ளைகள். மகளோடு சேர்த்து நானும் போடலாமா? (மாங்குளம்)

உங்கள் வயதில் ஊசியால் பெரிய பலனில்லை. உங்களுக்கு வேண்டியது பாப் பரிசோதனை, அதாவது கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்ப்பது. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக் கூப்பிட்டிருப்பார்கள், போனீர்களா? எத்தனையோ தாய்மார் பிள்ளையை ஊசிக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் போவதில்லை. வெட்கம், வயல் வேலை, பஸ் இல்லை என்று காரணம் சொல்வார்கள். செய்வது பெரும்பாலும் பெண்கள், எடுப்பது சில நிமிடம், காசு இல்லை. புற்றுநோயாக மாறமுதலே கண்டுபிடிக்கலாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போகவேண்டும். இடையில் இரத்தம் படுகிறதென்றால், உறவுக்குப் பிறகு இரத்தம் வருகிறதென்றால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி உங்கள் பக்கத்துக் கிளினிக் எந்த நாளில் என்று குடும்பநல மிஸ்ஸிடம் கேட்டால் சொல்வார்.