பழங்குடி ரிசர்வேஷனுக்குள்ள வீடு, தோட்டத்துல சருகு: கொளுத்த யார்கிட்ட பர்மிட் வாங்கணும்?

வாசகர் ஒருத்தர் கேட்டது இது: "அண்ணா வணக்கம். ஐடஹோ மாநிலத்துல ஓரொஃபினோ டவுனுக்கு வெளிய ரெண்டு ஏக்கரோட ஒரு வீடு வாங்கியிருக்கோம், மனைவி இங்க நர்ஸா இருக்காங்க. பைன் மரத்து ஊசி இலை, காஞ்ச கிளை, போன ஓனர் பிரிச்சுப் போட்ட டெக் (வீட்டை ஒட்டின மரத்தளம்) கட்டை, நாங்க ஷிஃப்ட் பண்ணின அட்டைப்பெட்டி எல்லாம் மலை மாதிரி கிடக்கு. எதிர் வீட்டுக்காரர் 'இது நெஸ் பெர்ஸ்ங்கற பழங்குடிக்கு ஒதுக்கின ரிசர்வேஷன், அந்த டிரைபுகிட்ட பர்மிட் வாங்கணும்'னு சொல்றார். பத்திரம் எங்க பேர்ல இருக்கு, நாங்க டிரைப் ஆளும் இல்ல, அப்புறம் எதுக்கு அவங்ககிட்ட கேக்கணும்? பீப்பாய்ல போட்டு எரிச்சா பரவாயில்லையா? அப்படியே ஜனவரியில போகிக்கு வாசல்ல கொஞ்சம் கொளுத்தலாமா?"

தம்பி, எதிர் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ஆனா அவர் சொன்னது பாதிதான், உங்களுக்கு ஒரு பர்மிட் இல்ல, வருஷத்துல பாதி நாளைக்கு ரெண்டு வேணும். புகைக்கு ஒண்ணு, தீக்கு ஒண்ணு. குழப்பம் எல்லாம் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறதுல இருந்துதான் வருது, ஒரு ஆபீஸ்ல கேட்டு அவங்க சரின்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நம்மாளுங்க தீக்குச்சியை எடுத்துடறாங்க.

முதல்ல 'பத்திரம் எங்க பேர்ல' கேள்வி. நெஸ் பெர்ஸ் மக்கள், அவங்க தங்களை நிமீபூன்னு சொல்லிக்குவாங்க, 1855ல அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டப்ப ரொம்பப் பெரிய நிலம் அவங்களுக்குன்னு ஒதுக்கினாங்க, அதுல தங்கம் கிடைச்சதும் 1863ல இன்னொரு ஒப்பந்தம் போட்டு அதைச் சுருக்கிட்டாங்க, இப்ப இருக்கற எல்லை சுமார் ஏழரை லட்சம் ஏக்கர். அதுக்கப்புறம் 1887 சட்டப்படி பொதுவா இருந்த நிலத்தைத் துண்டு துண்டா ஆளுக்குப் பிரிச்சுக் குடுத்து, மிச்சத்தை 1895ல வெளியாட்களுக்குத் திறந்துவிட்டாங்க. அந்த வரிசையிலதான் இன்னைக்கு உங்க கையில பத்திரம் இருக்கு. நிலம் கை மாறிச்சே ஒழிய எல்லை மாறல. ஓரொஃபினோ, கமியா, கூஸ்கியா, லாப்வாய் எல்லாமே அந்தக் கோட்டுக்கு உள்ளதான். காத்து விஷயத்துல சட்டம் பார்க்கறது அந்த வெளிக்கோட்டை மட்டும்தான், உள்ள யார் பேர்ல பட்டா, நீங்க டிரைப் உறுப்பினரா இல்லையா, எதுவும் கணக்குல வராது.

அந்தச் சட்டம் எங்க இருந்து வந்துதுன்னா, மத்திய அரசோட சுற்றுச்சூழல் ஏஜென்சி ஈபிஏ 2005ல ஐடஹோ, ஆரிகன், வாஷிங்டன் மூணு மாநிலத்துலயும் இருக்கற 39 ரிசர்வேஷனுக்குன்னு தனியா காத்து விதிகள் போட்டுது. மாநிலத்தோட புகை விதி ரிசர்வேஷனுக்குள்ள செல்லாது, அதனாலதான் கௌண்டி ஆபீஸ்லயோ மாநிலத்துலயோ புகையைப் பத்திக் கேட்டா 'டிரைபைக் கேளுங்க'ன்னு கையைக் காட்டுவாங்க, தட்டிக் கழிக்கறாங்கன்னு நினைக்காதீங்க, நிஜமாவே அது அவங்க வேலை இல்ல. நெஸ் பெர்ஸ்ல இந்தப் பர்மிட் வேலையை ஈபிஏ டிரைபோட கைக்கே குடுத்திருக்கு, லாப்வாய்ல இருக்கற அவங்க ஏர் குவாலிட்டி ஆபீஸ்லதான் கேக்கணும். ஃபார்ம்ல பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க: பேர், ஃபோன், எரிக்கப் போற இடம், என்ன பொருள் எவ்வளவு, தீ தாண்டாம இருக்க என்ன ஏற்பாடு, எந்தத் தேதி. குவியல் சின்னதுதானேன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க, அளவைச் சொல்லிக் கேளுங்க. எரிக்கற அன்னைக்குக் காலையில கேட்டா ஆகாது, முன்னாடியே கேளுங்க. பர்மிட் கையில இருந்தாலும் அன்னைக்குக் காத்து எப்படின்னு பார்த்துதான் எரிக்கலாமா வேண்டாமான்னு சொல்லுவாங்க, வேண்டாம்னா வேண்டாம்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா நீங்க இருக்கற இடத்தைக் கொஞ்சம் பாருங்க. கிளியர்வாட்டர் ஆறு ஆழமா அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு அது, குளிர் காலத்துல கனமான குளிர் காத்து கீழ தங்கிடும், மேல சூடான காத்து சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உக்காந்துடும், கீழ விட்ட புகை மேல போக வழியே இருக்காது. பத்து வீட்டுல பத்து சின்னக் குவியல் எரிஞ்சா ஆறு ஓரமா இருக்கற எல்லாரும் ராத்திரி பூரா அதையேதான் சுவாசிக்கணும். இந்தப் புகையில இருக்கற துகள் 2.5 மைக்ரானுக்கும் கீழ, நுரையீரலோட அடி வரைக்கும் போகும், குழந்தைங்களுக்கும் ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவங்களுக்கும் அது எமர்ஜென்சி வார்டு விஷயம். உங்க வீட்டம்மா நர்ஸ், அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, புகை நாள்ல யார் வந்து படுக்கறாங்கன்னு சொல்லுவாங்க.

பீப்பாய் கேட்டீங்களே, அது ரொம்பப் பேர் ஏமாந்து போற இடம். சட்டத்துல திறந்தவெளி எரிப்புன்னா சிம்னி வழியா போகாம புகை நேரா வெளிய வர்றது எல்லாம்தான், பீப்பாயும் அதுல சேர்த்தின்னு தெளிவாவே எழுதியிருக்கு. பீப்பாய்ல சூடு பத்தாது, காத்து பத்தாது, குப்பை அரைகுறையா வேகும், டையாக்சின்ங்கற விஷம் உருவாகறதுக்கு அதைவிட வசதியான அடுப்பு கிடையாது.

அடுத்து உங்க குவியல். அதுல ஊசி இலையும் காஞ்ச கிளையும் மட்டும்தான் எரிக்கலாம். அட்டைப்பெட்டி கூடாது, பேப்பரும் அட்டையும் தீ பத்த வைக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான், மிச்சத்தை ரீசைக்கிளிங்ல போடுங்க. பிளாஸ்டிக், தெர்மோகோல், டயர், பெயிண்ட், வயர், பேட்டரி, வீட்டுக் குப்பை, செத்த பிராணி, வீடு இடிச்ச சாமான், பூச்சி மருந்து டப்பா எதுவுமே எந்தப் பர்மிட் வாங்கினாலும் எரிக்க முடியாது.

டெக் கட்டையைப் பத்தி எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். அமெரிக்காவுல 2003 முடியற வரைக்கும் வீட்டு டெக்குக்கு வந்த கட்டையில பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூணும் கலந்த மருந்தை அழுத்தி ஏத்தியிருப்பாங்க, கறையான் அரிக்காம இருக்கறதுக்கு. பழசாகி வெளுத்துட்டா பார்க்கறதுக்கு சாதாரண மரம் மாதிரியே இருக்கும். எரிச்சா மரம் போயிடும், ஆர்சனிக் போகாது, கொஞ்சம் புகையில ஏறும், மிச்சம் சாம்பல்ல தங்கும். அந்தச் சாம்பல் லேசா உப்புக் கரிக்கும்னு மாடு நக்கிச் செத்த கதையெல்லாம் இருக்கு. நம்மூர்ல சாம்பலை கத்தரிச் செடிக்குப் போடற பழக்கம் நம்ம கையிலயே ஊறியிருக்கு, பாத்திரம் தேய்க்கற பழக்கமும்தான், ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தா அதைத்தான் முதல்ல செய்வாங்க. அந்தக் கட்டையில ஒரு துண்டு கூட வேண்டாம், அடுப்புலயும் வேண்டாம், கௌண்டியோட குப்பை டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி மருந்தேத்தின கட்டைன்னு சொல்லிக் கொண்டு போய்ப் போடுங்க.

இது வரைக்கும் புகை. இனி தீ. மே 10ல இருந்து அக்டோபர் 20 வரைக்கும் ஐடஹோவுல காட்டுத்தீ சீசன், சிட்டி எல்லைக்கு வெளிய எதை எரிச்சாலும் மாநில நிலத்துறையோட தீ பர்மிட் வேணும், ஆன்லைன்லயே கிடைக்கும், காசு கிடையாது. சமைக்கவோ குளிர் காயவோ போடற சின்ன கேம்ப் ஃபயருக்கு மட்டும் அது வேண்டாம். உங்களது தனியார் நிலம்ங்கறதால மாநிலத்துறை, பக்கத்து நிலம் டிரைபுக்கோ அவங்க ஆளுக்கோ மத்திய அரசு டிரஸ்டா வெச்சிருக்கற நிலமா இருந்தா அங்க டிரைபோட வனத்துறையையும் மத்திய அரசோட பழங்குடி விவகாரத் துறையான பிஐஏவையும் கேக்கணும், வேலி தாண்டி அவங்க நிலத்துல இருக்கற சருகைச் சேர்த்து எரிக்கற உதவியெல்லாம் கேக்காம செஞ்சிடாதீங்க. உள்ளூர் ஃபயர் ஸ்டேஷனுக்கும் ஒரு ஃபோன் போட்டுடுங்க, இல்லன்னா யாராவது புகையைப் பார்த்து 911 அடிச்சு வண்டி கிளம்பி வந்துடும். தீ கை மீறிப் போச்சுன்னா அணைக்கற செலவு உங்க தலையில விழலாம், பர்மிட் இருந்துதுங்கறது அதுக்குப் பதிலாகாது.

என்னைக் கேட்டா கோடையில எரிக்கவே வேண்டாம். ஆகஸ்ட் 2015ல கமியா பக்கம் எத்தனை வீடு போச்சுன்னு அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அங்க சீட்கிராஸ்னு ஒரு புல்லு இருக்கு, ஜூன்லயே காஞ்சு வைக்கோல் ஆயிடும், ஒரு பொறி போதும். இப்பவே கிளையை அடுக்கி மேல தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, அக்டோபர் கடைசியில நல்ல மழை பெஞ்சு நிலம் நனைஞ்சப்புறம் எரிங்க, தரை ஈரமா இருக்கும், குவியல் மட்டும் காஞ்சிருக்கும், அதான் வேணும். காஞ்சது எரிஞ்சா புகை கம்மி, ஈரச் சருகு புகைஞ்சுக்கிட்டே கிடக்கும், புகைய விடக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. கொளுத்தறதுக்கு முன்னாடி தார்ப்பாயை எடுத்துடுங்க, அது பிளாஸ்டிக்.

குவியல் சின்னதா இருக்கட்டும், நாலடிக்கு நாலடி போதும், எரிய எரிய மேல போட்டுக்கலாம். வீடு, ஷெட்டுல இருந்து அம்பதடி தள்ளி, மேல கரண்ட் கம்பியோ மரக்கிளையோ இல்லாத இடம், சுத்தி பத்தடிக்குப் புல்லையெல்லாம் செதுக்கி வெறும் மண்ணு தெரியணும். குழாய் அந்த இடம் வரைக்கும் எட்டுதான்னு முதல் நாளே இழுத்துப் பாருங்க, கூடவே ஒரு மண்வெட்டி, ரெண்டு பக்கெட் தண்ணி. பெட்ரோல் ஊத்தவே ஊத்தாதீங்க, ஆவி பரவி நின்னு மூஞ்சிக்கு நேரா வெடிக்கும். இலை விடாம ஆடற காத்து இருந்தா அன்னைக்கு விட்டுடுங்க. பத்த வெச்சப்புறம் ஒரு ஆள் அங்கயே நிக்கணும், காபி குடிக்கப் போறதா இருந்தாலும் மாத்தி ஆள் விட்டுட்டுத்தான் போகணும்.

இப்ப போகி. சென்னையில போகிப் புகையால விமானம் இறங்க முடியாம வேற ஊருக்குத் திரும்பின கதை 2018ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அங்க அது நடக்கறதும் இதே மார்கழிக் குளிர்ல காத்து தேங்கிப் போறதாலதான், உங்க பள்ளத்தாக்குல ஜனவரியில அது இன்னும் மோசம். காத்து தேங்கினா ஈபிஏ ரிசர்வேஷனுக்கு எரிப்புத் தடை போடும், அன்னைக்கு கேம்ப் ஃபயர் கூடக் கிடையாது, எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும் உடனே அணைக்கணும், இல்லன்னா மேல எதுவும் போடாம எரிஞ்சு தீர விடணும். மரபு, சடங்குக்கான தீக்கு விலக்குன்னு விதியில ஒரு வரி இருக்கு, நம்ம போகியும் சடங்குதானேன்னு உங்களுக்குத் தோணும். அந்த வரியை நீங்களா எடுத்துக்காதீங்கன்னு கேட்டுக்கறேன். நெஸ் பெர்ஸ் மக்களுக்கு வேர்வைக் குடில்ல (சூட்டுல வேர்த்துப் பிரார்த்தனை பண்ற சின்னக் குடில்) கல்லைச் சுட வைக்கற தீ பிரார்த்தனை, கேமஸ் கிழங்கு விளையற புல்வெளியையும் ஹக்கிள்பெரி புதரையும் தீ வெச்சே தலைமுறை தலைமுறையா பராமரிச்சவங்க அவங்க. அந்த மக்களை மனசுல வெச்சு எழுதின வரி அது. தடை இல்லாத நாளா இருந்தா ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்லிட்டு, ரெண்டு கை காஞ்ச சுள்ளி, ஒரு துண்டு வரட்டி கிடைச்சா அது, குழந்தைங்க மேளம் தட்டற நேரத்துக்கு மட்டும் எரியட்டும். பழைய பாய், துணி, பிளாஸ்டிக் எதுவும் அதுல சேரக்கூடாது. தடை போட்டிருந்தா வாசல்ல விளக்கு ஏத்துங்க.

அணைக்கறது இன்னும் பாக்கி. தண்ணி ஊத்தி, மண்வெட்டியால கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையைப் பக்கத்துல கொண்டு போய் சூடு இருக்கான்னு பாருங்க, கொஞ்சம் சூடு தெரிஞ்சாலும் திரும்ப முதல்ல இருந்து. பைன் வேர் மண்ணுக்குள்ள நாள் கணக்குல கனன்னுக்கிட்டே போய் வேற இடத்துல வெளிய வரும், அதனால அடுத்த நாள் காலையிலயும், காத்து வீசினா அதுக்கு மறுநாளும் போய்ப் பார்த்துட்டு வாங்க. சாம்பலை ஒரு வாரம் கழிச்சு மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளுங்க, அட்டைப்பெட்டியில வேண்டாம்.