ஆய்வுக்கூடக் கைக்கடிகாரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காந்தத்தைத் தாங்கும் கடிகாரங்களை 1950களில் தனியாகச் செய்தது ஏன்?

பதில்: கடிகாரத்தின் ஓட்டத்தை ஆளும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லில் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருளின் நீளம் குறைந்ததற்கு ஒப்பாகி, கடிகாரம் விரைந்து ஓடும். மின்நிலையங்களிலும் துகள் முடுக்கிகள் இருந்த ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றியோருக்கு இது அன்றாடத் தொல்லை. ஆகவே இயந்திரத்தைத் தேனிரும்பு உறைக்குள் வைத்து, காந்தக் கோடுகள் அந்த இரும்பின் வழியாகவே சுற்றிச் செல்லுமாறு அமைத்தார்கள். ஐடபிள்யூசி இன்ஜெனியர் (1955), 1,000 காஸ் (காந்தப்புலத்தின் அளவை) தாங்கும் என்பதையே பெயராகக் கொண்ட ரோலெக்ஸ் மில்காஸ், ஒமேகா ரெயில்மாஸ்டர் (1957), சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி வந்த ஜெகர்-லகூல்தர் ஜியோஃபிசிக் (1958) ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை.

கேள்வி: ஒரு ரெயில்மாஸ்டர் விலைக்கு வந்திருக்கிறது. டயல் புதிதுபோல் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: டயலைப் பிறகு பார்க்கலாம், பின்மூடியைக் கழற்றி எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். உள்ளே இரும்பு மூடி இல்லையென்றால் அது ஆய்வுக்கூடக் கடிகாரமே அன்று. சாதாரண ஒமேகா இயந்திரத்துக்குப் புது டயலும் வேறொரு கூடும் மாட்டி ரெயில்மாஸ்டர் என்று விற்பவர்கள் ஏராளம். இயந்திர எண்ணுக்கு நிறுவனம் வழங்கிய ஆவணச் சான்றை விற்பவர் காட்டலாம். ஆனால் அது, அந்த எண் எந்த மாடலில் வெளியேறியது என்பதைச் சொல்லுமேயன்றி, பின்னர் எவை மாற்றப்பட்டன என்பதைச் சொல்லாது. 2021இல் ஜெனீவா ஏலத்தில் 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விலைபோன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்று 2023இல் தெரியவந்தது. பெரிய ஏலக்கூடத்திலேயே இப்படி என்றால், புகைப்படத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்புவது பெருந்தவறு.

கேள்வி: என்னிடமுள்ள 1950களின் கடிகாரம் இருட்டில் ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதன் கதிர்வீச்சு பட்டுச் சிதைந்தது ஒளிரும் துத்தநாக சல்பைடுதான். கதிரியக்கம் அப்படியே இருப்பதால் நீங்களே திறந்து முட்களைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி உடலுக்குள் போவதுதான் ஆபத்து. 1960களில் ரேடியத்துக்குப் பதிலாக டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் வந்தபின், டயலின் அடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருப்பதைப் பல கடிகாரங்களில் காணலாம். அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டுகளே என்பதால், அக்காலக் கடிகாரம் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதியது என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: மங்கிய டயலுக்கு மறுவண்ணம் பூசலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: காந்தம் தவிர வேறு அறிவியல் பயன் உடைய பழைய கடிகாரம் எது?

பதில்: நான் விரும்பிப் பரிந்துரைப்பது ஃபாவ்ர்-லூபா பிவாக். 1962இல் வந்த இதில், காற்றழுத்தத்தையும் உயரத்தையும் காட்டும் அனிராய்டு கருவி (காற்றழுத்தத்துக்கேற்பச் சுருங்கி விரியும் வெற்றிடக் கூட்டால் இயங்குவது) கைக்கடிகாரத்துக்குள்ளேயே அடங்கியது. இந்தியாவில் வெகுகாலமாக விற்பனையில் இருந்த பெயர் என்பதால் இங்குள்ள பழுதுபார்ப்பவர்களுக்கும் அது அந்நியமன்று. கடிகாரம் ஓடுகிறதா என்பதோடு நிறுத்தாமல், மலைப்பாதையில் ஏறும்போது உயரமுள் நகர்கிறதா என்றும் பாருங்கள். அந்த முள் அசையாவிட்டால், வெற்றிடக் கூடு கசிந்திருக்கலாம். அதைச் சீர்செய்வது இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதைவிடக் கடினம் என்பதால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.