மலையேறும் எட்டுப் பேருக்கு யார் சமைப்பது?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாருக்கு மூன்று நாள் சைக்கிளில் போகிறோம். அடுப்பு, அரிசி எல்லாம் கட்டிக்கொண்டு போய் மூன்று வேளையும் சமைக்கலாம் என்கிறான் என் தம்பி. பிஸ்கட்டும் குளுக்கோஸும் போதும் என்கிறார்கள் மற்றவர்கள். மூன்று பேர் சைவம். என்ன செய்யட்டும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டுமே வேண்டாம் சகோதரி. காலையும் மத்தியானமும் கடையில் சாப்பிடுங்கள். ராத்திரிக்கு மட்டும் சமையுங்கள், அதுவும் தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால். அரிசியும் பயறும் மறையூரிலேயே கிடைக்கும், அதைச் சுமந்துகொண்டு ஏன் மேடு ஏற வேண்டும்?

நீங்கள் கவனமாகத் திட்டம் போட வேண்டியது வழியில் தின்பதற்கு. விடாமல் மிதித்தால் உடம்பிலுள்ள மாவுச்சத்துச் சேமிப்பு இரண்டு மணி நேரத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். பசித்த பிறகு தின்றால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும், அதற்குள் பாதி மேட்டில் நின்றுவிடுவீர்கள். அதனால் பசிக்காவிட்டாலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நேந்திரம் பழத்திலேயே சுமார் 30 கிராம் இருக்கிறது. கூடவே கடலை மிட்டாய். மறையூரில் வெல்ல உருண்டை வாங்குங்கள், கையால் பிடித்தது, விரல் தடம்கூடத் தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. உடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் மூணார் ஏற்றத்தில் கைகொடுக்கும். வேர்வைக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

உடுமலை தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டிலிருந்து சின்னாறு வரை காடுதான். கடையை நம்பாதீர்கள். உடுமலையிலேயே தண்ணீர் ரொப்பி, ஆளுக்கொரு புளிசோறு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் அந்த வெயிலுக்குத் தாங்காது. காட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. யானை நடமாடும் சாலை அது, பழத்தோலைக்கூட வீசாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

மத்தியானம் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே மேடு ஏறினால் வயிறு புரட்டும். பாதி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பாதி. காலையில் பரோட்டாவைவிடப் புட்டும் கடலையும் மேல்.

ராத்திரிக்குக் கஞ்சியும் சிறுபயறும். ஆளுக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பயறு என்று கணக்கு வைத்தால் எட்டுப் பேருக்கு 1.2 கிலோ அரிசி, 400 கிராம் பயறு. எல்லோருக்கும் பொதுவான பாத்திரம் சைவமாகவே இருக்கட்டும். முட்டை வேண்டியவர்களுக்குத் தனியாக அவித்துக்கொள்ளலாம். சைவக்காரர்கள் வெறும் சோறும் ஊறுகாயுமாக ஒதுங்கி உட்காரும்படி விட்டுவிடாதீர்கள், நாள் முழுக்க அவர்களும்தானே மிதித்தார்கள்.

அப்புறம் ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் ஆழியாறு வரை ஒருமுறை மிதித்துப் பாருங்கள், இதே பழம், இதே வெல்லம், இதே உப்புத் தண்ணீரோடு. யார் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.