காலில் சிவப்புப் புள்ளி, பிளேட்லெட் குறைவு: எல்லாவற்றுக்கும் ஒரே வைரஸா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. தறிப் பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். இரண்டு வருடமாக முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக வருகின்றன. தடவினால் மேடாகத் தட்டுப்படும், ஒரு வாரத்தில் பழுப்புக் கறையாகிவிடும். மூட்டுவலி, பாதத்தில் எரிச்சல், ஓயாத அசதி. ஆர்.ஏ. ஃபேக்டர் அதிகம் என்று முடக்குவாதத்துக்கு மாத்திரை தந்தார்கள். பிளேட்லெட் 92,000தான் இருக்கிறது என்றதும் பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், ஏறவில்லை. இப்போது கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ். ஏ.எஸ்.டி. 88, ஏ.எல்.டி. 64. 1994இல் ஒரு விபத்தின்போது அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். இது ரத்தப் புற்றுநோயா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டியிருக்குமா?

வாசகி ஒருவர், ஈரோடு மாவட்டம்

பதில்:

சகோதரி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறைவு. புள்ளி, மூட்டுவலி, எரிச்சல், பிளேட்லெட் குறைவு என்று தனித்தனி நோய்களாக அலைந்திருக்கிறீர்கள். இவை அனைத்தும் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸாகிய ஒரே வேரிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வேருக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது.

இந்த வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. நம் நாட்டில் தானம் தரும் ரத்தத்தில் இதைச் சோதிப்பது 2000களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. 1994இல் ஏற்றிய ரத்தத்தின் வழியாக இது உள்ளே வந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. பல ஆண்டுகள் காய்ச்சலோ காமாலையோ காட்டாமல் கல்லீரலில் தங்கியிருக்கும் கிருமி இது.

கல்லீரல் நோய்க்கும் காலில் வரும் புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வருடக்கணக்கில் இந்த வைரஸ் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பொருள்களைச் செய்கிற பி அணுக்கள் ஓய்வில்லாமல் வேலை செய்து, தேவையில்லாத புரதங்களையும் செய்து தள்ளுகின்றன. அவற்றில் ஒரு வகைக்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் இது குளிரில் திரண்டு, சூட்டில் கரையும். இது சிறு ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அழற்சி உண்டாக்கினால் தோலில் சிவப்புப் புள்ளி வரும், நரம்பில் எரிச்சல் வரும், மூட்டு வலிக்கும். நின்றே வேலை செய்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே அதிகம் வருவதும் வழக்கம்தான். ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களில் பலரின் ரத்தத்தில் இந்தப் புரதம் இருக்கும், ஆனால் தொந்தரவு தருவது சிலருக்கு மட்டுமே.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் ஏறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கிரையோகுளோபுலினில் ஒரு பகுதியே ஆர்.ஏ. ஃபேக்டராக வேலை செய்கிறது. அந்த ஒரு டெஸ்டை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முடிவுகட்டக் கூடாது. ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. உண்மையான முடக்குவாதத்தில் அது பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும், ஹெபடைட்டிஸ் சி மூட்டுவலியில் பெரும்பாலும் நெகட்டிவ். தந்த மாத்திரைகளில் முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இருக்கிறதா என்று இன்றே சீட்டை எடுத்துப் பாருங்கள். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இருந்தால் மருத்துவரிடம் ஹெபடைட்டிஸ் ரிப்போர்ட்டைக் காட்டி உடனே கேளுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுவதை மட்டும் இப்போதே விட்டுவிடலாம்.

அடுத்து பிளேட்லெட். எனக்கு உண்மையான கவலை இங்கேதான். 92,000 இருக்கும்போது அந்தக் குறைவால் மட்டும் தோலில் புள்ளி வராது. அதிலும் மேடாகத் தட்டுப்படும் புள்ளி ரத்தக் குழாய் அழற்சியின் அடையாளம். ஆக, புள்ளிக்கும் பிளேட்லெட் குறைவுக்கும் வழி வேறு வேறு. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அதற்குள் போகும் ரத்தத்துக்குத் தடை வந்து மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் செய்வதும் முக்கியமாகக் கல்லீரல்தான், அதுவும் குறையும். போதாததற்கு, எதிர்ப்புச் சக்தியே சிலருக்குப் பிளேட்லெட்டைத் தாக்கும். பப்பாளி இலைச் சாறு இவற்றில் எதையும் சரிசெய்யாது. கீழாநெல்லியால் இந்த வைரஸ் போகும் என்று யாராவது சொன்னால் அதற்கும் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் தந்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் கல்லீரல் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகள். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். அதை, ஆயிரங்களில் எழுதிய பிளேட்லெட்டை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். 56ஐ 88ஆல் பெருக்கினால் 4,928. 92ஐ 8ஆல் பெருக்கினால் 736. வகுத்தால் 6.7 வருகிறது. 3.25க்கு மேல் போனாலே கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இது முடிவல்ல, எச்சரிக்கை. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் வயிற்று ஸ்கேனும் எடுத்து உறுதி செய்ய வேண்டும், உணவுக்குழாயில் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியும் தேவைப்படும். மது பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் எச்.சி.வி. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் அளவைப் பார்க்கும் டெஸ்ட், எடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) ரிப்போர்ட். வைரஸ் எப்போதோ வந்துபோயிருந்தாலும் அது பாசிட்டிவாகவே காட்டும். வைரல் லோட் மட்டுமே இப்போது வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும். கூடவே சிறுநீரில் புரதமும் ரத்தமும் போகிறதா, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம், எதிர்ப்புச் சக்தியின் புரதங்களில் ஒன்றான காம்ப்ளிமென்ட் சி4 இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அழற்சி சிறுநீரகத்தையும் தொடக்கூடியது. கிரையோகுளோபுலின் டெஸ்ட் எடுத்தால், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பிரிக்கும்வரை ரத்தத்தை 37 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால் அந்தப் புரதம் உறைந்து ரத்தக் கட்டியோடு போய், இல்லாததுபோல் ரிசல்ட் வரும். லேபில் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சிகிச்சை பற்றி நிம்மதியாக எழுத முடிகிறது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசிதான் இருந்தது, அது பிளேட்லெட்டை இன்னும் குறைக்கும். இன்று சோஃபோஸ்புவிருடன் டக்லாடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம். 100 பேரில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் முழுவதும் போய்விடுகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இது இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் கட்டாயம், ஏனென்றால் சி போகும்போது மறைந்திருந்த பி தலைதூக்கலாம். இதயத்துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வைரஸ் போனபின் புள்ளிகள் பெரும்பாலும் அடங்கும். பாத எரிச்சல் மெதுவாகத்தான் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும்.

ரத்தப் புற்றுநோய்க்கு வருகிறேன். பி அணுக்கள் வருடக்கணக்கில் தூண்டப்படுவதால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. கழுத்து, அக்குளில் கட்டி, இரவில் நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் உடனே காட்டுங்கள். 2002இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், இந்த வைரஸும் மண்ணீரல் லிம்ஃபோமாவும் இருந்த 9 பேருக்கு வைரஸுக்கான சிகிச்சையே கொடுத்தார்கள். வைரஸ் போன 7 பேருக்கும் லிம்ஃபோமா முழுதாக அடங்கியது. வைரஸை விரட்டுவது எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள்.

கண்புரை ஆபரேஷனுக்கு அவசரமில்லை. கண் மருத்துவரிடம் ஹெபடைட்டிஸ், பிளேட்லெட் ரிப்போர்ட் இரண்டையும் காட்டிவிட்டு நாள் குறித்துக்கொள்ளலாம்.

தட்டு, டம்ளரைப் பிரிக்கவே வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால், ஒரே படுக்கையில் தூங்குவதால் இது ஒட்டாது. ரத்தத்தின் வழியாகத்தான் பரவும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத்பிரஷ் மட்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். கணவன் மனைவிக்குள் உறவால் பரவுவது அரிது என்றாலும் நீங்கள் ஒருமுறை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பிறப்பில் வருவது தாயிடமிருந்துதான். உங்களுக்கு நெகட்டிவ் என்று வந்தால் அவர்களுக்கு அந்த வழியில் வந்திருக்காது.