அப்பாவுக்கு எந்த போன் வாங்கலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு, இதுவரைக்கும் பட்டன் போன் தான். இப்போ பேரப்பசங்களோட வீடியோ கால் பேசணும்னு அவரே ஆசைப்பட்டு கேக்குறார். கடையில விசாரிச்சா ரேம், மெகாபிக்சல்னு தான் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. என் பழைய போனையே குடுத்துடலாமான்னும் தோணுது. — ஒரு வாசகி

பதில்: பழைய போனை குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க, அதுக்கு இன்னும் செக்யூரிட்டி அப்டேட் வருதா, பேட்டரி ஒரு நாள் முழுக்க தாங்குதா. ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வேண்டாம். புதுசா கத்துக்குறவங்க கையில தான் நல்லா ஓடுற போன் இருக்கணும். ஏன்னா போன் ஹேங் ஆனா நமக்கு அது போனோட கோளாறுன்னு தெரியும், ஆனா அப்பா தான் ஏதோ தப்பா அமுக்கிட்டோம்னு நினைச்சுப்பார், ரெண்டு மூணு தடவ அப்படி ஆச்சுன்னா அப்புறம் தொடவே யோசிப்பார்.

புதுசு வாங்குறதா இருந்தா தயவுசெஞ்சு அவரையும் கூட்டிட்டு போங்க. சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம். ரேம், மெகாபிக்சலை விட அவரோட விரல், கண்ணு, காது மூணுக்கும் ஒத்து வருதான்னு பாக்குறது தான் முக்கியம், அது அவர் கையில எடுத்து பாத்தா தான் தெரியும்.

விரல்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதை தான் யாரும் யோசிக்கிறதில்ல. டச் ஸ்கிரீன் அழுத்தத்தை பாத்து வேலை செய்றது கிடையாது, விரல் பட்டதும் அங்க உண்டாகுற மின்சார மாற்றத்தை வச்சு தான் கண்டுபிடிக்குது. வயசாக ஆக தோல் வறண்டு போறதால சில பேரோட தொடுதல் சரியா பதியாது. பதியலன்னதும் அவங்க என்ன பண்ணுவாங்க, பட்டன் போன் பழக்கத்துல இன்னும் அழுத்தி கொஞ்ச நேரம் பிடிச்சுப்பாங்க, உடனே போன் அதை லாங் பிரஸ்னு எடுத்துக்கிட்டு வேற ஏதோ மெனுவை திறக்கும், இல்லன்னா ஐகான் இடம் மாறிடும், சில சமயம் வாட்ஸ்அப்பே முகப்புல இருந்து காணாம போயிடும். அவர் தப்பு எதுவுமே இல்ல. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்குள்ள ஆக்ஸஸிபிலிட்டின்னு ஒரு பகுதி இருக்கும், அங்க லாங் பிரஸ்க்கு எவ்ளோ நேரம் ஆகணும்னு கூட்டி வைக்கலாம், ஐபோன்லயும் இதே மாதிரி வசதி இருக்கு. சில போன்ல டச் சென்சிடிவிட்டியை கூட்டுற ஆப்ஷனும் உண்டு. தடிமனான ஸ்கிரீன் கார்டு ஒட்டிடாதீங்க, அது இன்னும் மோசமாக்கும். கைரேகை லாக்கை மட்டும் நம்பவும் வேண்டாம், வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சு போயிருக்கும், அவருக்கு ஞாபகம் இருக்குற பின் நம்பர் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

அடுத்து கண்ணு. பெரிய ஸ்கிரீன் நல்லது தான், ஆனா பெருசாக ஆக வெயிட்டும் கூடும், 200 கிராமை தாண்டிட்டா கை நடுக்கம் இருக்குறவங்களுக்கு ஒரு கையில பிடிக்க கஷ்டம். கடையிலயே எழுத்து சைஸை பெருசாக்கி, அவர் எப்பவும் போடுற கண்ணாடியோட ஒரு மெசேஜை படிக்க சொல்லுங்க. எழுத்தை பெருசாக்கினதும் பட்டன் எல்லாம் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடுதான்னும் பாருங்க, சில போன்ல அப்படி ஆகும். அப்படியே வெளிச்சமான இடத்துக்கு வந்து ஸ்கிரீன் தெரியுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

காதுக்கு ஸ்பீக்கர் சத்தம் மட்டும் பத்தாது. வயசானா பொதுவா கீச்சுன்னு வர்ற மெல்லிய சத்தம் தான் முதல்ல கேக்காம போகும், அதனால ரிங்டோனை கனமான, தாழ்ந்த சத்தமா வையுங்க, எத்தனையோ மிஸ்டு கால் இதுலயே குறையும். காது மெஷின் போடுறவரா இருந்தா அந்த மெஷினோட மாடல் எந்த போனோட சேரும்னு கேட்டுட்டு தான் போனையே முடிவு பண்ணணும்.

மத்தது சுருக்கமா சொல்றேன். போன் திணறாம ஓட 6 ஜிபி ரேம், போட்டோ வீடியோ சேத்து வைக்க 128 ஜிபி மெமரி, இந்த தேவைக்கு போதும். வாட்ஸ்அப்ல வீடியோ தானா டவுன்லோட் ஆகுறதை நிறுத்திடுங்க, இல்லன்னா ஃபார்வர்டுலயே மெமரி நிறைஞ்சிடும். ஆண்ட்ராய்டு போனா இருந்தா ஸ்வைப் பண்ற முறைக்கு பதிலா கீழ மூணு பட்டன் வர்ற மாதிரி மாத்தி வையுங்க, பின்னாடி போக ஒரு பட்டன் கண்ணு முன்னாடியே இருந்தா பாதி பயம் போயிடும். எத்தனை வருஷம் அப்டேட் குடுப்பாங்கன்னு கேளுங்க, 2023ல வந்த கூகுளோட பிக்சல் 8, 2024ல வந்த சாம்சங் எஸ்24 எல்லாம் 7 வருஷம்னு சொல்லி தான் வந்துச்சு, விலை கம்மியான மாடல்ல இது குறையும்.

கடைசியா, என்னை கேட்டா கேமராவை விட இது தான் பெருசு, அவருக்கு சந்தேகம் வந்தா யாருக்கு போன் பண்ணுவாரோ அவங்ககிட்ட இருக்குற அதே கம்பெனி போனா வாங்குங்க. "மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் பாருங்கப்பா"ன்னு நீங்க சொல்லும்போது அவர் ஸ்கிரீன்லயும் அது அங்கயே இருக்கணும்.

கேள்வி: அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. ஐபோன் வாங்கி தரலாமா, பயமா இருக்கு. — ஒரு வாசகர்

பதில்: தரலாம், ஆனா எங்க வச்சுக்கணும்ங்கறது முக்கியம். 2020ல வந்த ஐபோன் 12ல இருந்து நிறைய மாடல்ல பின்பக்கம் காந்தம் இருக்கு. பேஸ்மேக்கர்ல இருந்து 15 செ.மீ.க்கு மேல தள்ளி வைக்கணும், வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ.க்கு மேலன்னு ஆப்பிளே சொல்லுது. அதனால கழுத்துல மாட்டுற பை, மேல் பாக்கெட் ரெண்டும் கூடாது, படுத்துக்கிட்டே நெஞ்சு மேல போனை வச்சு வீடியோ பாக்குறதும் கூடாது. காந்தம் இருக்குற கவர், காந்த ஸ்டாண்டு எந்த போனுக்கும் வாங்காதீங்க. அவங்களை பாக்குற இதய டாக்டர்கிட்ட மாடல் பேரை சொல்லி ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கேள்வி: சீனியர்களுக்குன்னே தனியா விக்கிற போன் வாங்கணுமா, சாதாரண போனே போதுமா? — ஒரு வாசகி

பதில்: பேசுறதுக்கு மட்டும்னா சீனியர் போன் சரி தான். வீடியோ கால், போட்டோன்னு போனா சாதாரண போனே நல்லது, அதையே எளிமையாக்கிக்கலாம். சாம்சங்ல ஈஸி மோடு இருக்கு, போட்டதும் ஐகான் எல்லாம் பெருசாயிடும். ஐபோன்ல 2023ல ஐஓஎஸ் 17ங்கற சாஃப்ட்வேரோட அசிஸ்டிவ் ஆக்சஸ் வந்துச்சு, வேணும்ங்கற சில ஆப் மட்டும் பெரிய பெரிய கட்டமா தெரியும். ஆனா அவங்க நல்லா கத்துக்குறவங்களா இருந்தா அவ்ளோ தூரம் சுருக்க வேண்டாம், எது வேணும் எது வேண்டாம்னு அவங்களையே கேட்டு வையுங்க. எந்த போனா இருந்தாலும் அவசர தகவல் பகுதியில ரத்த வகை, சாப்பிடுற மருந்து, உங்க நம்பர் மூணையும் போட்டு, லாக் ஸ்கிரீன்லயே தெரியுற மாதிரி ஆன் பண்ணிட்டு தான் அவங்க கையில குடுங்க.