ஆடுகிறதா அலமாரி? முதுகைப் பாருங்கள்!

அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து இறங்கி, வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். ஸ்டார் திருப்புளி, சுத்தியல், டேப், ஃபெவிகால் இவை இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். டிரில் தேவைப்படும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

ஆன்லைனில் வாங்கிய ஆறடி புத்தக அலமாரி. எட்டு மாதம்தான் ஆகிறது, கை வைத்தாலே இடமும் வலமும் ஆடுகிறது. எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பார்த்தேன். இரண்டே நாளில் பழையபடி ஆட்டம். என்ன செய்யலாம்?
– வாசகி, தாம்பரம்

இனி ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். உங்கள் அலமாரி பார்ட்டிக்கிள் போர்டில் செய்தது, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை. அளவுக்கு மீறி முறுக்கினால் மரை பிடித்திருக்கும் தூள் உதிரும். பிறகு அந்த ஓட்டையில் எதுவும் நிற்காது.

ஒரு தீப்பெட்டியின் மேல்கூட்டை எடுத்து விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். மூலைகள் நான்கும் ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனாலும் சாய்ந்து தட்டையாகிவிடும். அதன் ஒரு வாயில் அட்டையை வெட்டி ஒட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையாது. அலமாரியின் முதுகில் இருக்கும் 3 மி.மீ. ஹார்டுபோர்டுதான் அந்த அட்டை. அதை வெறும் மறைப்பு என்று நினைத்துப் பெட்டியில் வந்த ஆணிகளில் பாதியை மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய பேர். ஆட்டம் அங்கேதான் ஆரம்பம்.

அலமாரியைக் காலி செய்து, விரிப்பின் மேல் குப்புறப் படுக்க வையுங்கள். ஹார்டுபோர்டின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 180 செ.மீ. உயரம், 75 செ.மீ. அகலம் உள்ள அலமாரி என்றால் இரண்டு குறுக்களவும் 195 செ.மீ. வர வேண்டும். ஒன்று 195.5, இன்னொன்று 194.5 என்று வந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது. நீளமாக வரும் இரண்டு மூலைகளையும் எதிரெதிரே உள்நோக்கித் தள்ளி, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். இதைத் தவறவிட்டு அறைந்தால் கோணலையே நிரந்தரமாக்கியதாகிவிடும்.

அளவு சரியானதும் விளிம்பில் மெல்லிய கோடாக ஃபெவிகால் விட்டு ஹார்டுபோர்டை வையுங்கள். இந்த முறை ஆணி வேண்டாம். முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ, ஒவ்வொன்றின் தலைக்கும் ஒரு சின்ன வாஷர். வாஷர் இல்லாவிட்டால் தலை ஹார்டுபோர்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பக்கப் பலகையின் கனம் 16 முதல் 18 மி.மீ. இருக்கும், ஆகவே வெளி விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே கோடு போட்டு, 10 செ.மீ.க்கு ஒன்றாக இறக்குங்கள். முதலில் 2 மி.மீ. டிரில் பிட்டால் ஓட்டை போடாமல் இறக்கினால் பலகை விளிம்பு பிளக்கும். முதலில் நான்கு மூலைகள், மறுபடி குறுக்களவு, பிறகு மற்றவை. நகராத தட்டு நடுவில் இருந்தால் அது வரும் இடத்தையும் முதுகில் கோடு போட்டு மூன்று ஸ்க்ரூ கொடுங்கள். அந்த மூன்றும் நிறைய வேலை செய்யும்.

ஹார்டுபோர்டு ஈரத்தில் ஊதிப்போயிருந்தால் அதன் மேல் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அளவு சொன்னால் பிளைவுட் கடையிலேயே 6 மி.மீ. பிளையை அறுத்துத் தருவார்கள். அதையே முதுகாக அடித்தால் அலமாரி புதிதாக வந்தபோது இருந்ததைவிட உறுதியாக நிற்கும்.

முதுகுப் பலகை பள்ளத்தில் செருகும் வகையாக இருந்தால் ஸ்க்ரூவுக்கு இடமிருக்காது. குறுக்களவைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் பள்ளத்து இடுக்கு முழுக்க ஃபெவிகாலைப் பாட்டில் மூக்கால் நிரப்பி, ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

இதற்குப் பிறகும் லேசான ஆட்டம் மிஞ்சினால் மேல் தட்டுக்கு அடியிலும் கடைசித் தட்டுக்கு மேலும் மூலைக்கு ஒரு எல் கிளாம்ப், அதாவது L வடிவில் மடித்த, ஓட்டை போட்ட இரும்புத் துண்டு. இங்கே பழக்கத்தில் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவை இறக்கிவிடாதீர்கள். அது 19 மி.மீ.; உங்கள் பலகையோ 18-தான். கிளாம்ப்பின் கனம் போனாலும் முனை மறுபக்கம் லேமினேட்டை, அதாவது பலகை மேல் ஒட்டிய வழுவழுப்பான தாளைத் தள்ளிப் பொக்கு எழுப்பும். அரை இஞ்ச் போதும்.

அலமாரியின் பக்கத்தில் வட்டமாகத் திருகும் பூட்டு ஒன்று எத்தனை திருப்பினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாற்றிப் பார்த்தும் அதே கதை.
– வாசகர், கோவை

கடையில் மினிஃபிக்ஸ் என்று கேட்கும் சாமான் அது. வட்டப் பூட்டில் கோளாறு அபூர்வம். எதிர்ப் பலகையில் நிற்கும் போல்ட்டைப் பாருங்கள்.

பூட்டின் முகத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். போல்ட்டை நுழைக்கும்போது அது பலகையின் விளிம்பை, அதாவது போல்ட் வரும் ஓட்டையைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டின் தலை பூட்டின் வாய்க்குள் போகும். பிறகு அரைச் சுற்றும் சற்று மேலும் திருப்பினால் இறுகும். முழுச் சுற்று சுற்றினால் ஒன்று தலை வாய்க்குள் போகவில்லை, அல்லது போல்ட் தன் ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. போல்ட்டை விரலால் இழுங்கள். மரத்தூளோடு கையில் வந்தால் இரண்டாவதுதான்.

சின்னதாகத் தளர்ந்த ஓட்டைக்குப் பல்குத்தும் குச்சிகள் போதும். ஃபெவிகாலில் தோய்த்து, இனி ஒன்றுகூடப் போகாது என்னும் அளவுக்கு நெருக்கித் திணியுங்கள். 24 மணி நேரம் காய்ந்தபின் மேல்மட்டத்தோடு பிளேடால் சீவிவிட்டு, நடுவில் 3 மி.மீ. ஓட்டை போட்டுப் போல்ட்டை மெதுவாக இறக்குங்கள். காயுமுன் அவசரப்பட்டால் குச்சியெல்லாம் மரையோடு சுற்றி வெளியே வந்துவிடும்.

ஓட்டை பெரிதாகி வாய் உதிர்ந்திருந்தால் குச்சி நிற்காது. 8 மி.மீ. பிட்டால் சுத்தமாகத் துளைத்து, 8 மி.மீ. மரக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்க வேண்டும். பெட்டியோடு வரும் டவல் குச்சிகளில் (பலகைகளை இணைக்கும் மரக் குச்சிகள்) மிச்சம் இருந்தால் அதுவே போதும். காய்ந்தபின் முன்பு சொன்னபடியே சீவி, ஓட்டை போட்டுப் போல்ட்டை இறக்குங்கள். துளைக்கும்முன் பிட்டின் நுனியிலிருந்து 12 மி.மீ.யில் ஒட்டும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்தினால் மறுபக்கம் பொத்துக்கொள்ளாது.

இந்தப் பூட்டுக்கு இரண்டு பலகையை இழுத்துச் சேர்க்கத்தான் தெரியும். பக்கவாட்டு அசைவைத் தாங்குவது அருகில் இருக்கும் டவல் குச்சிகள். மறுபடி பூட்டும்போது அவற்றின் ஓட்டைக்குள் ஃபெவிகால் விடுங்கள். பலகையின் வழுவழுப்பான மேல்முகத்தில் பூசினால் வீண், லேமினேட்டை ஃபெவிகால் பிடிக்காது. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: பசை போட்டபின் வீடு மாறும்போது கழற்ற முடியாது. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் பசையை விட்டுவிட்டு எல் கிளாம்ப்போடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

புத்தகத் தட்டு நடுவில் தொங்குகிறது. 90 செ.மீ. நீளத் தட்டு.
– வாசகர், மதுரை

தட்டு கழற்றக்கூடியதென்றால் இன்றே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், சில மாதங்கள் ஓடும். நிரந்தரத் தீர்வு, நடுவில் ஒரு முட்டு. கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரையுள்ள உயரத்துக்குச் சரியாக அறுத்த பலகைத் துண்டை நிறுத்தினால் போதும், ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றன் நேர்கீழே ஒன்று. வரிசையாகப் புத்தகம் அடுக்கிய தட்டில் தாங்கும் தூரம் பாதியானால் தொங்கல் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். முட்டு வைக்க மனமில்லாதவர்கள் தட்டின் முன்விளிம்புக்கு அடியில், நீளம் முழுக்க ஒன்றரை இஞ்ச் ரீப்பரை (நீள மரச் சட்டம்) நிமிர்த்தி வைத்துக் கீழிருந்து ஸ்க்ரூ செய்யலாம்.

மகளின் படிப்பு மேஜை, இரும்புக் கால்கள். எழுதும்போதே ஆடுகிறது என்கிறாள். தரையா, மேஜையா?
– வாசகி, திருச்சி

மேஜையின் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஒரு கால் தூக்கினால் கோளாறு தரையில், அல்லது காலின் அடியில் மாட்டியிருக்கும் புஷ்ஷில். அட்டையை மடித்து வைத்தால் தீரும். நான்கு காலும் தரையிலேயே இருக்க, மேல்பலகை மட்டும் பக்கவாட்டில் போய் வந்தால் சட்டம்தான்.

எல்லா போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஒரு மூலை, அதன் எதிர்மூலை என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு காலை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் கால் கோணலாகவே உறைந்துவிடும், பலரும் செய்யும் தப்பு இது. போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டால் சீக்கிரம் தளராது. அதன் பிறகும் ஆடினால், பின்கால்கள் இரண்டுக்கும் நடுவே, மேல்பலகையை ஒட்டினாற்போல் எட்டு இஞ்ச் அகலத்தில் 12 மி.மீ. பிளைத் துண்டு ஒன்று. மேலே எல் கிளாம்ப்பால் மேஜையோடும், பக்கத்தில் காலைத் துளைத்து போல்ட்டாலும் பிடியுங்கள். மேல்பலகைக்கு அரை இஞ்ச் ஸ்க்ரூ என்பது இங்கும் ஞாபகம் இருக்கட்டும்.

கட்டில் புரண்டு படுத்தால் கிறீச்சிடுகிறது.
– வாசகர், சேலம்

மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையாக அழுத்தி, சத்தம் வரும் இடத்தைப் பிடியுங்கள். ஆலன் கீயால் (ஆறுமுகச் சாவி) அந்த மூலையை இறுக்குங்கள். போல்ட் நுனி உள்ளே இருக்கும் உருளை நட்டைக் கண்டுபிடிக்காவிட்டால், நட்டின் முகத்தில் உள்ள கோட்டைத் திருப்புளியால் போல்ட் வரும் திசைக்குத் திருப்புங்கள். மரை நேராக வந்துவிடும். சத்தம் குறுக்குச் சட்டங்களிலிருந்து வந்தால், அவை உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தாலே அடங்கிவிடும்.

வீடு துடைத்துத் துடைத்து அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டது. சரியாகுமா?
– வாசகி, சென்னை

ஆகாது. ஊறிய பார்ட்டிக்கிள் போர்டு காய்ந்தாலும் சுருங்கி வராது. நன்றாகக் காயவிட்டு, அடிவிளிம்பில் இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்து, 2 செ.மீ. உயர பிளாஸ்டிக் புஷ் அடித்து தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். அடி பொடிந்தே போயிருந்தால் அந்த அலமாரியில் கனம் ஏற்றாதீர்கள்.

வாடகை வீடு. இரண்டு வயதுக் குழந்தை இழுப்பறைகளைப் பிடித்து ஏறுகிறான். டபுள் சைடு டேப்பால் அலமாரியைச் சுவரோடு ஒட்டினால் போதுமா?
– வாசகி, ஓசூர்

போதாது. டேப் பிடிப்பது சுவரை அல்ல, சுவரின் பெயின்டை; இழுப்பு வந்தால் பெயின்டோடு உரிந்து வந்துவிடும். சுவரில் இரண்டே ஓட்டைதான், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே போடுங்கள். காலி செய்யும்போது பட்டி பார்த்து அடைத்துவிடலாம். அலமாரியின் உச்சியில், இரண்டு ஓரங்களுக்கும் அருகே எல் கிளாம்ப். சுவரில் 8 மி.மீ. பிட்டால் 5 செ.மீ. ஆழம், 8 மி.மீ. பிளக் (ஓட்டைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை), இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் போயிருக்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலோ கீழோ துளைக்காதீர்கள், வயர் போகும் பாதை அது. கனமான சாமானையெல்லாம் கீழ் இழுப்பறைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்தபின் இழுப்பறைகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்து, மேலிருந்து முன்பக்கம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கிளாம்ப்புக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு தெரிந்தால் பிளக் பிடிக்கவில்லை, ஓட்டையை வேறிடத்தில் போட வேண்டும்.